கோர்வை தப்பிய இடம்

அக்கா தறிப் பக்கம் உட்கார்ந்தபோது அவளுக்கு எட்டு வயது. காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா ஓடும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தலா ஒன்று. ஒரு கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் அவள்தான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அவள் விளையாடியிருக்க வேண்டிய சாயங்காலங்கள் அவை.

ஆனாலும் அவள் கண் அங்கேதான் பழகியது. அரக்குக் கரையும் மாம்பழ மஞ்சள் உடலும் சேரும் கோட்டில் இரண்டு ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோர்வை தப்பினால் பொடி ஓட்டை விழும். அப்பா திட்ட மாட்டார். பிரித்துவிட்டு மறுபடி நெய்வார்.

இப்போது அவள் நெய்வது சுவரில் தொங்கவிடும் துணிகள். அன்னி ஆல்பர்ஸை அடிக்கடி சொல்வாள். 1922-இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் சேர்ந்து, கண்ணாடிப் பட்டறை கிடைக்காமல் நெசவுக்கு வந்தவர். 1949-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது. 1965-இல் வந்த தன் நூலை, தன் ஆசான்களென்று பழங்காலப் பெரு நாட்டு நெசவாளர்களுக்குச் சமர்ப்பித்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்காவின் குரல் கம்மிவிடும்.

போன வாரம் புதுத் துணி ஒன்றை ஜன்னலோரம் மாட்டினாள். அதே அரக்கு, அதே மஞ்சள். நடுவில் ஒரு முழத்துக்குக் கோர்வையை வேண்டுமென்றே விட்டிருந்தாள். ஓட்டைகள் வழியாக வெயில் புள்ளி புள்ளியாகத் தரையில் விழுந்தது.

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் ஓட்டையிலும் விரல் வைத்து நகர்ந்தார்.