மலுங்கை என்கிற முருங்கை

தேக்கா சந்தையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: "தம்பி, இது எங்க ஊரில் மலுங்கை."

பத்து வருடமாக இதே கடையில் இதே கீரையை வாங்கி, ஆய்ந்து, பொரியல் செய்து எங்களுக்குப் பரிமாறியவர் அவர். அந்தச் சொல்லை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். நான் அதுவரை கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அக்கா பிலிப்பீன்ஸ்காரர். மணிலாவுக்குத் தெற்கே லகுனா மாகாணத்தில் ஒரு சிற்றூர். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது பணிப்பெண்ணாக எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா என்னைத் 'தம்பி' என்று கூப்பிடுவதைக் கேட்டு அவரும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார். படுக்கையில் இருந்தபடியே அம்மா சொல்லச் சொல்ல சாம்பார், ரசம், வத்தக்குழம்பு எல்லாம் கற்றுக்கொண்டார். பெருங்காயம், வெந்தயம் என்று அவர் சொல்வதைக் கேட்டால் தஞ்சாவூர்க்காரர் என்றே நினைக்கத் தோன்றும்.

பணிப்பெண்களுக்கு வார ஓய்வுநாள் என்ற விதி 2013 ஜனவரியில் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்தது. ஞாயிறு காலை அக்கா ஆர்ச்சர்ட் சாலை லக்கி பிளாசாவுக்குக் கிளம்பிவிடுவார். ஊருக்குப் பணம் அனுப்புவது, தோழிகளைப் பார்ப்பது, அவர்கள் ஊர்ச் சாப்பாடு சாப்பிடுவது எல்லாம் அங்கேதான். எங்களுக்கு ஞாயிறு என்றால் 'அக்கா இல்லாத நாள்'. அவ்வளவுதான். அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று யாரும் விசாரித்ததில்லை.

மே மாதம் அம்மா போய்விட்டார். ஜூன் கடைசியில் அக்காவுக்கு விமானச்சீட்டு. அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் இந்த முருங்கைக்கீரைப் பேச்சு.

"வேற என்ன உங்க ஊர்ச் சாமான் இங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே சந்தை முழுவதும் என்னை இழுத்துக்கொண்டு நடந்தார்.

தேக்காவுக்குக் காலங்காலமாக இரண்டு பெயர்கள். சீனர் வாயில் 'சிறுமூங்கில் அடி' என்ற பொருளில் தேக் கியா கா. மலாயில் கண்டாங் கெர்பாவ், எருமைக் கொட்டில். மாட்டு வியாபாரம் நடந்த அந்தக் காலத்தின் மிச்சம்தான் பக்கத்துப் பஃபலோ சாலையின் பெயர். சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த பழைய சந்தை 1982இல் இந்தக் கட்டடத்துக்கு மாறியது. அப்போது வைத்த சூஜியாவ் என்ற மாண்டரின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. 2000ஆம் ஆண்டில் மறுபடி தேக்கா ஆனது. சிறுவயதிலிருந்து நான் நடந்த இடம். அது அக்காவின் சிறுவயதையும் வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

பச்சைப் பப்பாளியையும் முருங்கையையும் காட்டி, "இஞ்சி, கோழி சேர்த்தால் தினோலா. காய்ச்சல் வந்தால் என் அம்மா வைப்பார்" என்றார். வாழைப்பூவைத் தட்டிப் பார்த்தார். வாழையிலைக் கட்டைப் பார்த்ததும், பசையரிசியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து இலையில் சுற்றும் 'சூமான்' பற்றிச் சொன்னார். தேங்காய்ப்பாலில் அரிசி உருண்டையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேகும் இன்னொரு பலகாரம், நம் பால் கொழுக்கட்டைக்குத் தங்கச்சி. மழை நாளில் சாக்லேட் போட்ட அரிசிக் கஞ்சி, அதற்குத் தொட்டுக்கொள்ளக் கருவாடு. நான் முகம் சுளித்ததைப் பார்த்து, "பழைய சோற்றுக்கு மட்டும் கருவாடு சரியா?" என்று மடக்கினார்.

புளிக் கடை முன்னால் குரல் தணிந்தது. "சினிகாங். அதுதான் எனக்கு வீடு."

மறுநாள் ஞாயிறு. "நீங்க உட்காருங்க, நான் சமைக்கிறேன்" என்றேன். அம்மாவின் சக்கர நாற்காலி இருந்த இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, இந்த முறை அக்கா சொல்லச் சொல்ல நான் செய்தேன். புளிக்கரைசல், தக்காளி, வெங்காயம் கொதித்ததும் முள்ளங்கி, வெண்டைக்காய், பயற்றங்காய். பிறகு இறால், பச்சை மிளகாய், மீன்சாறு, கடைசியில் ஒரு கை கங்கோங் கீரை. பருப்பில்லை, தாளிப்பில்லை. ஆனால் வாசனை ரசத்தின் ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி. அக்கா ஒரு கரண்டி குடித்துவிட்டு, அம்மா சொல்வதைப் போலவே சொன்னார்: "புளி பத்தாது."

அந்த வாரம் தேடிப் படித்தபோது இன்னொன்று தெரிந்தது. 1762இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை மதராஸிலிருந்து கப்பலேறிப் போய் மணிலாவைப் பிடித்தது. 1764இல் படை திரும்பியபோது, கூடப் போன சிப்பாய்களில் சிலர் மணிலா அருகே கைந்தா என்ற ஊரில் தங்கிக் குடும்பம் நடத்தினர். வேர்க்கடலை சேர்த்துச் செய்யும் 'காரே காரே' குழம்பு அவர்கள் கைவண்ணம் என்று ஒரு கதை உண்டு. மூலப்பொருள் கிடைக்காமல் கறிக்கு ஏங்கியவர்கள் கிடைத்ததை வைத்துச் சமைத்ததாம். கதை எப்படியோ, ஏக்கம் எனக்குப் புரிந்தது. பத்து வருடம் அதே ஏக்கத்தோடு ஒருவர் எங்கள் அடுப்படியில் நின்றிருக்கிறார்.

ஊருக்குப் புறப்படும்முன் என்ன வேண்டும் என்று கேட்டேன். நகைக்கடை அவ்வளவு இருக்கிற சிராங்கூன் சாலையில் அக்கா பாத்திரக் கடைக்குள் நுழைந்து ஒரு புட்டுக்குழலை எடுத்தார். "கிறிஸ்துமஸுக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 16 காலை கைப்பேசியில் ஒரு படம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் அதிகாலைப் பூசைகளில் அன்று முதல் நாள். பூசை முடிந்து தேவாலய வாசலில் வாங்கிச் சாப்பிடும் புத்தோ பும்போங், ஊதா அரிசிமாவை மூங்கில் குழாயில் அவித்து, வெண்ணெய், தேங்காய்ப்பூ, பழுப்புச் சர்க்கரை தூவியது. படத்தில் வாழையிலை, அதன்மேல் ஊதா நிறப் புட்டு, பக்கத்தில் நாங்கள் வாங்கிக் கொடுத்த குழல்.

கீழே ஒரு வரி: "தம்பி, சாப்பிட்டாச்சா?"

நான் முதல் முறையாகத் திருப்பிக் கேட்டேன்: "நீங்க என்ன சாப்பிட்டீங்க, அக்கா?"