கீல்

மடிக்கணினி என்னும் பெயர் இரு வகையிலும் பொருந்தியது. மடியில் வைத்து இயக்குவதால் அது மடிக்கணினி. புத்தகம்போல் மடித்து வைப்பதாலும் அது மடிக்கணினியே. இன்று அதை மடியில் வைப்போர் மிகச் சிலர். மடித்து வைக்காதவர் எவரும் இலர். அந்த மடிப்பைத் தாங்குபவை விரல் நீளம்கூட இல்லாத இரண்டு எஃகுத் துண்டுகள். அவற்றின் பெயர் கீல். கதவு நிலையோடு சேருமிடம் கீல். எலும்பும் எலும்பும் சேருமிடமும் கீல். முதியோர் முழங்காலைத் தடவிக்கொண்டு ‘கீல்வாதம்’ என்று சொல்வது இச்சொல்லைக் கொண்டுதான்.

மும்பை செம்பூரில், சேடா நகர் முருகன் கோயிலுக்கு அருகில் வாழும் ஒரு குடும்பத்தில் இந்தக் கீல் ஒடிந்தது. அவ்வீட்டுத் தாய் தாராவியின் தோல்பைக் கடைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுபவர். ஒவ்வொரு மாதமும் 20ஆம் நாளுக்குள் அக்கடைகளின் சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் அபராதம். 17ஆம் நாள் மாலையில் அவர் கணினியைத் திறந்தபோது ‘படக்’கென்று ஓர் ஓசை எழுந்தது. இடப்பக்க மூலை வாய் பிளந்தது. திரை தன்னால் நிற்க மாட்டாமல் பின்னால் சாய்ந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் அதைப் பார்த்து முகம் வெளிறினாள், ஒன்றும் சொல்லவில்லை.

சேவை மையத்தில் விசாரித்தார்கள். உடைந்த பகுதியை மட்டும் சீர்செய்வதில்லை, மேற்பாகம் முழுவதையும் மாற்ற வேண்டும், அது வந்துசேரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். தாத்தா, “தாராவிக்குக் கொண்டுபோவோம்” என்றார். இளமையில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தாராவியில் தோல் பதனிடும் தொழில் செய்தவர் அவர்.

மறுநாள் காலையில் தாத்தாவும் பேத்தியும் செம்பூரில் ரயில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, சயான் நிலையத்தில் இறங்கினார்கள். அடுத்த நிலையம் மாதுங்கா. மல்லிகைச் சரமும் வாழையிலையும் வாங்க அவள் அங்கே பலமுறை போயிருக்கிறாள். தாராவிக்குள் வருவது அன்றுதான் முதல்முறை. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் வாழும் கும்பார்வாடாவில் சூளை புகைந்தது. தெருக்களில் தமிழும் மராத்தியும் இந்தியும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. நகரம் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கையெல்லாம் வகை பிரித்து, நொறுக்கி, உருக்கி மறுபடியும் பொருளாக்கும் பட்டறைகள் நிறைந்த ஊர் இது. குப்பை என்ற சொல்லுக்கு இங்கே வேறு பொருள்.

தொண்ணூறு அடி சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருந்தது அந்தக் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியேதான் நிற்க வேண்டும்.

“வாங்க பெரியவரே, உக்காருங்க” என்று பழுதுபார்ப்பவர் முக்காலியைத் தள்ளினார். பேச்சில் நெல்லை மணம். கணினியைக் கவிழ்த்துத் திருப்புளியால் அடிமூடியைக் கழற்றினார். முதல் வேலையாக மின்கலத்தின் இணைப்பைப் பிரித்தார். பிறகு கீலின் அருகே ஓடும் மெல்லிய கம்பிப் பட்டையை விளக்கொளியில் புரட்டிப் பார்த்தார். படம் அதன் வழியாகத்தான் திரைக்குச் செல்கிறது. அது அறுந்திருந்தால் செலவு பன்மடங்கு.

“பட்டை தப்பிச்சிது” என்றார். பேத்தி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

கதவு காற்றுக்கு ஆடும். மடிக்கணினியின் திரையோ எந்தச் சாய்வில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். அதற்காகவே கீலின் தண்டில் சிறுசிறு உலோக வட்டுகளை அடுக்கி, நட்டால் இறுக்கியிருப்பார்கள். அவை ஒன்றையொன்று உரசிக்கொள்ளும் பிடிப்பே திரையைத் தாங்குகிறது. காலப்போக்கில் இடையிலுள்ள மசகு காயும். மும்பையின் மழைக்காலமும் கடற்காற்றும் எஃகில் துரு ஏற்றும். கீல் இறுகும். திறப்பவர் இன்னும் பலமாக இழுப்பார். அந்த இழுப்பு முழுவதும் கீலைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் குமிழ்களின்மேல் விழும். அக்குமிழ்களில் பதிந்துள்ள கடுகளவுப் பித்தளை மரைகள் ஒருநாள் பெயர்ந்து வந்துவிடும். ஆக, ஒடிவது கீல் அன்று. கீலைப் பிடித்திருந்த இடமே. எஃகு தோற்கவில்லை, பிளாஸ்டிக் தோற்றது. 1982இல் விற்பனைக்கு வந்த ‘கிரிட் காம்பஸ்’தான் திரையை விசைப்பலகைமேல் மடித்த முன்னோடிக் கணினி. பில் மாக்ரிட்ஜ் வடிவமைத்த அதன் உடல் மக்னீசியக் கலவையால் ஆனது. விலையோ 8,000 டாலருக்கு மேல். மலிவாக்க வந்த பிளாஸ்டிக்கோடு இந்த நோயும் வந்தது எனலாம்.

“இது நேத்து உடைஞ்சதில்ல. ரெண்டு மாசமா ‘கிறீச்’சுன்னு கத்தியிருக்கும். யாருக்கும் கேக்கலயா?” என்றார் பழுதுபார்ப்பவர்.

சிறுமி தலை குனிந்தாள். “எனக்குக் கேட்டது, மாமா. பாடம் பார்ப்பதற்காக அம்மா இல்லாதபோது எடுப்பேன். ஒரு கையால் மூலையைப் பிடித்துத் திறப்பேன். சத்தம் வந்தது. சொன்னால் எடுக்க விடமாட்டார்கள் என்று...” என்று முடிக்காமல் நின்றாள்.

தாத்தா அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஊரில் தம் வீட்டுக் கதவுக்கு இரும்புக் கீலே கிடையாது என்று தொடங்கினார். பலகையின் மேலும் கீழும் குடுமி நீட்டியிருக்கும். அது குழியில் அமர்ந்து சுழலும். கதவு முனகினால் பாட்டி குழியில் எண்ணெய் விடுவாராம். “முனகும்போதே விட்டால் ஒரு சொட்டு போதும்” என்றார்.

பழுதுபார்ப்பவர் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினார். துருவைத் துடைத்து மசகு இட்டார். உடைந்த குமிழ்களை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினார். பசைக்குப் பிடி வேண்டுமல்லவா? நொடியில் ஒட்டும் பசையை அவர் தொடவில்லை. அது கண்ணாடிபோல் நொறுங்கும் என்றார். இரண்டு குழல்களில் வரும் எபாக்சிப் பசையைச் சம அளவில் குழைத்து, மரைகளைப் பழைய இடத்தில் பதித்துச் சுற்றிலும் நிரப்பினார்.

“நாளைக்குச் சாயங்காலம் வாங்க.”

“இன்றைக்கே கிடைக்காதா தம்பி? இருபதாம் தேதிக்குள் கணக்குப் போக வேண்டும்.”

“இன்னிக்கு மாட்டினா நாளைக்குத் திரும்பப் பிடுங்கிக்கும், பெரியவரே. பசை முழுசா இறுக ஒரு நாள் வேணும்.”

கைவேலையில் இத்தகைய பிடிவாதம் நல்லது. ஆனால், கைத்திறன் மட்டும் போதாது. உதிரிப் பாகமும் வரைபடமும் வெளியே கிடைக்க வேண்டும். இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ குறித்து 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது; அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. சந்துக் கடைக்காரரோ இன்றும் பழைய கணினிகளைப் பிரித்தும், லேமிங்டன் சாலைக் கடைகளில் தேடியும்தான் பாகம் சேர்க்கிறார்.

19ஆம் நாள் மாலை கணினி வீடு வந்தது. கூலி 500 ரூபாய். அதைத் தாயிடம் கொடுக்கும்முன் சிறுமி இரண்டு மாத ஓசையையும் சொல்லிவிட்டாள். தாய் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “நடுவில் பிடித்துத் திற” என்று அவளிடமே நீட்டினார்.

அவள் இரு கைகளாலும் திறந்தாள். திரை ஓசையின்றி எழுந்து, விட்ட இடத்தில் நின்றது. மணி ஏழு. ஒன்பது கடைகளின் கணக்கு பாக்கி இருந்தது. தாய் முதல் கோப்பைத் திறந்தார். மகள் பக்கத்தில் அமர்ந்து ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கத் தொடங்கினாள்.