ரசீது இல்லாத அடகு

ஒரு இடம் தன்னோட ஆளுங்களை எவ்ளோ நம்புதுன்னு தெரியணுமா? புதுசா சேர்றவங்க கிட்ட முதல் நாள் என்னென்ன காகிதம் கேக்குதுன்னு பாருங்க, போதும். இது என் சொந்த ஆராய்ச்சி முடிவு. ஆராய்ச்சிக் களம்: தாம்பரத்துல இருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டோட ரெண்டு பக்கமும் :-)

நம்ம ஏரியாவுல தடுக்கி விழுந்தா ஏதாவது ஒரு காலேஜ் வாசல்ல தான் விழணும். 1937-ல கிழக்குத் தாம்பரத்துக்குக் குடிவந்த கிறித்தவக் கல்லூரி தான் மூத்த அண்ணன். அதுக்கப்புறம் சேலையூர், பல்லாவரம், வண்டலூர், காட்டாங்குளத்தூர்னு போனா நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரின்னு வரிசையா நிக்குது. ஜூன் மாசம் அட்மிஷன் கூட்டத்துக்கு நடுவுல இன்னொரு சின்னக் கூட்டம் ஃபைலைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிக்கும். புதுசா வேலைக்குச் சேர்ற அசிஸ்டென்ட் புரொஃபசர்கள். போன ஜூன்ல அந்தக் கூட்டத்துல எங்க அக்காவும் ஒருத்தி. லீவு போட்டுட்டு பைக் ஓட்டிக்கிட்டுப் போனது நான்.

வாத்தியார் வேலைக்குத் தகுதி என்னங்கறதுல பெரிய ரகசியம் இல்ல. பொறியியல்னா பி.இ., எம்.இ. ரெண்டும் வேணும், ரெண்டுல ஒண்ணுலயாவது முதல் வகுப்பு இருக்கணும். பல்கலைக்கழகத் துறைகள்ல மத்த பாடங்களுக்கு பிஎச்.டி. கட்டாயம்னு 2018 விதியில சொன்னாங்க, அதை 2021-ல இருந்து அமல்படுத்தறதா இருந்து தள்ளி வச்சாங்க, 2023 ஜூலையில 'நெட்டோ செட்டோ இருந்தா போதும்'னு யுஜிசி இறங்கி வந்துடுச்சு. தகுதியை விடுங்க. நான் பேச வந்தது சேர்ற அன்னிக்கு நடக்கற சமாச்சாரம்.

அரசாங்கப் பல்கலைக்கழகம்னா அது ஒரு தனி உலகம். மத்திய அரசு நிறுவனத்துல சேர்ந்த ஒரு நண்பன் தன்னோட படிவக் கட்டைக் காட்டினான். மருத்துவத் தகுதிச் சான்றிதழ், நடத்தைச் சான்றிதழ், போலீஸ் விசாரணைப் படிவம், அரசியல் சட்டத்துக்கு விசுவாசமா இருப்பேன்னு உறுதிமொழி, சொத்து விவரம். அப்புறம் சொந்த ஊர் எதுன்னு ஒரு அறிவிப்பு (லீவு பயணப் படி குடுக்கறதுக்காம்). எல்லாத்துக்கும் மேல, 'எனக்கு உயிரோடு இருக்கும் மனைவி ஒன்றுக்கு மேல் இல்லை'ன்னு ஒரு கையெழுத்து. நண்பனுக்கு அப்போ ஒரு மனைவி கூட இல்ல, பாவம். "இல்லாததுக்கு எல்லாம் கையெழுத்து வாங்கறாங்கடா"ன்னு புலம்பினான்.

சிரிச்சாலும் ஒண்ணு கவனிச்சேன். அந்தக் கட்டுல ஒவ்வொரு காகிதத்துக்கும் பின்னாடி ஒரு விதி இருக்கு, ஏன் கேக்கறாங்கன்னு ஒரு காரணம் இருக்கு. ஒரிஜினல் சான்றிதழை வாங்கிப் பார்த்தாங்க, நகலோட ஒப்பிட்டாங்க, அங்கேயே திருப்பிக் குடுத்துட்டாங்க. முன்னாடி எல்லாம் நகலுக்கு கெஜட்டட் ஆபீசரைத் தேடிப் போய் பச்சை மை கையெழுத்துக்குத் தவம் கிடக்கணும். இப்போ பெரும்பாலான இடத்துல நாமளே கையெழுத்துப் போட்டா போதும்.

என் கதை இன்னும் சுருக்கம். நான் ஐ.டி. கம்பெனியில சேர்ந்தது 2021, கொரோனா காலம். முடிச்சூர் வீட்டு மொட்டை மாடியில உக்காந்து எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். ஒரு சரிபார்ப்பு நிறுவனம் என் காலேஜுக்கே எழுதிக் கேட்டு உறுதி பண்ணிக்கிச்சு. என் ஒரிஜினலை இன்னிக்கு வரைக்கும் அந்தக் கம்பெனியில ஒருத்தரும் கண்ணால பார்த்தது கிடையாது. ஆக, சரிபார்க்கறதுக்கு ஒரிஜினல் கையில இருக்கணும்னு அவசியமே இல்ல.

சரி, அக்கா கதைக்கு வருவோம்.

ஆபீஸ் ரூம்ல ஒரு பட்டியலை நீட்டினாங்க. பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், பி.இ., எம்.இ. டிகிரி, பழைய காலேஜ் ரிலீவிங் ஆர்டர், பான், ஆதார், பி.எஃப். படிவம் 11, அவங்க சொல்ற வங்கியில ஒரு கணக்கு, எட்டு போட்டோ. எல்லாம் சரி. கடைசி வரி: 'அனைத்து அசல் சான்றிதழ்களும் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும்.'

"எப்போ திருப்பிக் குடுப்பீங்க?"ன்னு கேட்டேன்.

"வேலையை விட்டுப் போகும்போது வாங்கிக்கலாம் சார்"னாரு, ரொம்ப சாதாரணமா.

அக்கா என் கையை அழுத்தினா. "நீ வாயை வச்சுக்கிட்டு சும்மா இருடா. நான் பேசிக்கறேன்."

அவ பேசறதுக்குக் காரணம் இருக்கு. இதுக்கு முன்னாடி வேலை பார்த்த காலேஜ்லயும் (பேர் வேணாம்) இதே கதை தான். ஒரு அரசு வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டிருந்தாங்க. ஒரு நாளைக்கு ஒரிஜினல் குடுங்க, சாயந்திரம் திருப்பித் தர்றேன்னு கேட்டா. முடியாதுன்னுட்டாங்க. வேணும்னா ராஜினாமா பண்ணு, மூணு மாச சம்பளத்தைக் கட்டு, எடுத்துட்டுப் போ. அம்மாவோட வளையல் அடகுக்கடைக்குப் போச்சு. பணத்தைக் கட்டி சான்றிதழை வாங்கறதுக்குள்ள சரிபார்ப்புத் தேதி தாண்டிடுச்சு. வேலையும் போச்சு, வளையலும் போச்சு.

அப்போ அம்மா சொன்னது இன்னும் காதுல இருக்கு. "அடகுக்கடைக்காரன் கூட எத்தனை கிராம்னு எடை போட்டு ரசீது குடுக்கறான். இவங்க பதினெட்டு வருஷப் படிப்பை வாங்கி வச்சுக்கிட்டு ஒரு துண்டுச் சீட்டு கூடத் தரலையே."

அம்மாவுக்கு அந்தக் காகிதங்களோட மதிப்பு நல்லாவே தெரியும். 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கினப்போ, அம்மா முதல்ல பரண் மேல ஏத்தினது டிவியை இல்ல, எங்க ரெண்டு பேரோட சர்டிஃபிகேட் ஃபைலை. எங்க தெருவுல பல பேருக்கு அது போயிடுச்சு. அரசாங்கம் சிறப்பு முகாம் போட்டு இலவசமா நகல் குடுத்தது, மறுக்கல. ஆனா சாதாரண நாள்ல ஒரு சான்றிதழ் தொலைஞ்சா போலீஸ் புகார்ல ஆரம்பிச்சு, ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒவ்வொரு ஆபீஸ் ஏறி இறங்கணும்.

காலேஜ் தரப்பு நியாயத்தையும் சொல்லிடறேன். ஒண்ணு, இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வரும்போது ஆசிரியரோட ஒரிஜினலைக் காட்டணும்னு சொல்றாங்க. ரெண்டு, செமஸ்டர் நடுவுல வாத்தியார் ஓடிட்டா பசங்க கதி என்ன?

முதல் நியாயத்துக்குப் பதில் 2024 ஜூலையில கிடைச்சது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள்ல 2023-24 கல்வியாண்டுல 353 பேர் ஒரே சமயத்துல ஒண்ணுக்கு மேற்பட்ட கல்லூரிகள்ல முழுநேர ஆசிரியரா கணக்குல இருக்காங்க, இதுல 224 கல்லூரிகள் சம்பந்தப்பட்டிருக்குன்னு அறப்போர் இயக்கம் புகார் வெளியிட்டுச்சு. பல்கலைக்கழகமும் விசாரிச்சு, முறைகேடு நடந்தது உண்மைன்னு ஒத்துக்கிச்சு. யோசிச்சுப் பாருங்க. ஒரு ஆளுக்கு இருக்கறது ஒரே ஒரு ஒரிஜினல். அதைக் கையில வச்சிருக்கறது தான் பாதுகாப்புன்னா, ஒரே ஆள் எப்படி நாலு இடத்துல பாடம் எடுத்தார்? டேட்டாபேஸ் தெரிஞ்ச எவனும் சொல்வான். ஒரே ஆள் ரெண்டு இடத்துல பதிவாகாம தடுக்கறது மையமா இருக்கற சிஸ்டத்தோட வேலை, பீரோவோட வேலை இல்ல.

ரெண்டாவது நியாயம் உண்மையான பிரச்சனை தான். பாதியில விட்டுட்டுப் போனா நஷ்டம் மாணவனுக்கு. ஆனா அதுக்கு சட்டத்துல வழி இருக்கு. ஒப்பந்தம் போடுங்க, நோட்டீஸ் காலம் வைங்க. 2025 மே மாசம் விஜயா வங்கி வழக்குல, மூணு வருஷத்துக்கு முன்னாடி விலகினா 2 லட்சம் கட்டணும்ங்கற நிபந்தனை செல்லும்னு உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. பணம் பாக்கின்னா கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா படிப்புச் சான்றிதழ் விற்று வாங்கற சரக்கு இல்ல, பாக்கிக்காக அதைப் பிடிச்சு வைக்க உரிமை கிடையாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் ஒண்ணுக்கு மேற்பட்ட வழக்குல சொல்லியிருக்கு. மாணவர்களோட ஒரிஜினலைப் பார்த்துட்டு உடனே திருப்பிக் குடுக்கணும்னு யுஜிசியும் 2018 அக்டோபர்ல அறிவிச்சாச்சு. மாணவனுக்கு ஆகாதது வாத்தியாருக்கு மட்டும் எப்படி ஆகும்?

வளைகுடாவுக்குப் போன நம்ம ஆளுங்க பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வச்சுக்கிட்டா நமக்கு ரத்தம் கொதிக்குது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, கட்டாய உழைப்புக்கான 11 அடையாளங்கள்ல ஒண்ணா அதைச் சேர்த்திருக்கு. அதையே நம்ம ஊர்ல ஏ.சி. ரூம்ல உக்காந்து 'மேடம், ப்ரொசீஜர்'னு சொன்னா நாம தலையாட்டறோம்.

அன்னிக்கு அக்கா சத்தமே போடல. "சார், ஒரிஜினல் எல்லாம் இதோ இருக்கு. இப்பவே பாருங்க, நகலோட ஒப்பிடுங்க, நான் உக்காந்திருக்கேன். இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு நானே எடுத்துட்டு வர்றேன்னு எழுதித் தர்றேன். அப்பவும் வேணும்னா, எது எதை வாங்கினீங்கன்னு லெட்டர்ஹெட்ல எழுதி சீல் வச்சுக் குடுங்க."

"இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லையே மேடம்"னாரு அவர். கோவமா இல்ல, நிஜமாவே ஆச்சரியமா. எழுந்து பிரின்சிபால் ரூமுக்குப் போனார். ஒரு மணி நேரம் கழிச்சு வந்தார். எம்.இ. டிகிரி மட்டும் வச்சுக்கறோம், மத்ததை எடுத்துக்கோங்க, அத்தாட்சி தர்றோம். அக்கா சரின்னுட்டா. வெளியே வந்து "ஏன் விட்டுக்குடுத்தே?"ன்னு கேட்டேன். "குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் நீ கட்டறியா?"ன்னா. என்கிட்ட பதில் இல்ல.

இந்த வருஷம் சேரப் போறவங்களுக்கு, அக்கா சொல்லச் சொன்னது:

1. டிஜிலாக்கர்ல கிடைக்கற சான்றிதழை எல்லாம் முதல்லயே எடுத்து வச்சுக்கோங்க. 2017-ல இருந்து அது சட்டப்படி அசலுக்குச் சமம்.
2. எல்லாத்தையும் கலர்ல ஸ்கேன் பண்ணி, வரிசை எண்களைத் தனியா குறிச்சு வைங்க.
3. கேட்டா மட்டும் குடுங்க. கேக்காததையும் சேர்த்து மொத்த ஃபைலா நீட்டாதீங்க.
4. வச்சுக்கறோம்னு சொன்னா பட்டியல், தேதி, கையெழுத்து, சீல். வாய் வார்த்தை வேணாம்.
5. நியமன உத்தரவுல நோட்டீஸ் காலம் எத்தனை மாசம்னு கையெழுத்துக்கு முன்னாடியே படிங்க.

கொசுறு: போன வாரம் அதே காலேஜ்ல அக்கா டிபார்ட்மென்ட்டுக்குப் புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கு. ஆபீஸ்ல அத்தாட்சி கேட்டிருக்கு. கிளார்க் மறுபேச்சு பேசாம டிராயரைத் திறந்து அச்சடிச்ச படிவம் ஒண்ணை எடுத்துக் குடுத்தாராம்.