வேலியும் ஒரு சொல்லும்

நில அளவையாளர் வரைந்து தந்த படத்தை மேசைமீது விரித்து வைத்திருந்தேன். பரந்தனுக்குக் கிழக்கே உள்ள எங்கள் காணிக்கும், அதை அடுத்துள்ள சின்னம்மாவின் காணிக்கும் நடுவே ஒரு புள்ளிக்கோடு. அதன் அருகே ஆங்கிலத்திற் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. ஏழாந் தரத்திற் படிக்கும் என் பேர்த்தி அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அம்மம்மா, டிஸ்பியூட் எண்டால் என்ன?" என்று கேட்டாள். "பிணக்கு" என்றேன். "பிணக்கு எண்டால்?" என்றாள். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவளுக்கு அந்த இரண்டாவது வினாவுக்கு விடை உடனே வாயில் வரவில்லை.

அன்றிரவு அகராதிகளை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன்.

'டிஸ்பியூட்' என்னும் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. பிறந்த வீடு இலத்தீன். அதன் உள்ளே இருப்பது 'புட்டாரே' என்னும் வினை. உரோமானியக் குடியானவன் முந்திரிகைக் கொடியின் வேண்டாத கிளைகளைக் கழித்துத் துப்புரவாக்குவதை அச்சொல்லாற் குறித்தான். பின்னர்க் கணக்கைத் துப்புரவாக்குதல், அதாவது வரவு செலவைப் பார்த்து நேராக்குதல், என்ற பொருளும், அதன்மேல் எண்ணுதல், சிந்தித்தல் என்ற பொருள்களும் ஏறின. 'டிஸ்' என்பது வெவ்வேறாக என்று பொருள்படும் முன்னொட்டு. ஆகவே, ஒரு கணக்கை உருப்படி உருப்படியாகப் பிரித்துப் பார்ப்பதே இச்சொல்லின் பழம்பொருள். அங்கே கோபமும் இல்லை. குரலை உயர்த்துவதும் இல்லை. கணக்கிடும் 'கொம்பியூட்டர்' இதற்கு உடன்பிறப்பு. காலைத் துண்டிப்பதை வைத்தியர்கள் 'அம்பியுட்டேசன்' என்கிறார்களே, அதுவும் இக்குடும்பமே. அந்தச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டவர்கள் எங்கள் பக்கத்திற் பலர்.

நடுக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இது ஒரு பயிற்சியாகவே இருந்தது. ஒருவர் ஒரு கொள்கையை நிறுத்துவார். மற்றவர் தடை கூறுவார். ஆசிரியர் முடிவு சொல்வார். 1517இல் மார்ட்டின் லூதர் எழுதிய 95 கொள்கைகளும் அத்தகைய வாதத்துக்கென்றே எழுதப்பட்டவை. சிவஞான சித்தியாரின் பரபக்கத்தையும் சுபக்கத்தையும் அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

நம்முடைய சொல்லோ வேறு திசையிலிருந்து வருகிறது. பிணங்குதல் என்றாற் பின்னிக்கொள்ளுதல். கொடியும் கொடியும் சிக்குதல். மாறுபடுதல் என்னும் பொருளும் அச்சொல்லுக்கே உண்டு. ஒட்டி நிற்பவர்கள்தாமே சிக்கிக்கொள்ள முடியும்! இலங்கையில் நாம் இச்சொல்லைச் சட்டத்துக்குள்ளும் அழைத்துச் சென்றோம். 1950ஆம் ஆண்டுச் சட்டம் நமக்குக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம். தமிழ்நாட்டார் இதனைத் தகராறு என்பர். தகராறு அரபு மொழிச் சொல்; அங்கே அதற்குத் திரும்பத் திரும்பக் கூறல் என்பது பொருள். சண்டையைப் பக்கத்தில் நின்று கேட்ட எவரும் அப்பொருளை மறுக்கமாட்டார்.

எனது பிணக்கு வேலிப் பிணக்கு. கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று கதியால்களை வரிசையாக நட்டு, காலந்தோறும் தறித்து, குழையை ஆட்டுக்கும் வயலுக்கும் இடுவது எங்கள் வழக்கம். வேலி உயிரோடிருப்பதால் வம்பும் உயிரோடிருக்கும். பட்டுப்போன கதியாலுக்குப் பதிலாகப் புதியது நடும்பொழுது கை தானாகவே ஒரு சாண் அப்பாற் போகும்.

2009இன் தொடக்கத்தில் எல்லாவற்றையும் விட்டு ஓடினோம். செட்டிகுளத்து முகாமிலிருந்து 2010இல் மீண்டபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. முதலில் இரு குடும்பமும் ஒரே தறப்பாளின் கீழ் ஒரே அடுப்பிற் சமைத்தோம். வீட்டுத்திட்டம் வந்து சுவர் எழும்பிய பின்னரே வேலி நினைவு வந்தது. நான் முட்கம்பி அடிப்பித்தேன். "அரை முழம் எங்கட பக்கம் வந்திட்டாய், பிள்ளை" என்றார் சின்னம்மா. இல்லையென்று நான் சாதித்தேன். ஆறு ஆண்டுகள் பேச்சில்லை. முடிவில் அவர் மத்தியஸ்த சபைக்கு எழுதிக்கொடுத்தார். நான் அளவையாளரைப் பிடித்தேன்.

1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இணக்க சபைகள் மறைந்த பின்னர், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தவை இந்த மத்தியஸ்த சபைகள். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் மூவர் அமர்ந்திருந்தனர். சட்டத்தரணிக்கு அங்கே இடமில்லை. மூவருள் மூத்தவர் என் படத்தைத் தொடவே இல்லை. "கிணத்தடியில இருந்து ஒவ்வொரு கதியாலாச் சொல்லுங்கோ. எது எங்க நிண்டது?" என்றார்.

நான் சொன்னேன். பிறகு சின்னம்மா சொன்னார். நான் சொன்னவற்றையெல்லாம் அவரும் சொன்னார். பதின்மூன்றாவதாக மட்டும் நான் சொல்லாத ஒரு பூவரசைச் சொன்னார். அடிமரம் எரிந்து, மறுபடி துளிர்த்து, என் முட்கம்பிக்கு உட்புறமாக நிற்கும் பூவரசு அது. தானாக முளைத்த மரமென்றே நான் எண்ணியிருந்தேன்.

"அது என்ர பெடியன் நட்ட கதியால்" என்றார். "அரை முழக் காணி எனக்கு வேண்டாம், பிள்ளை. அந்தப் பூவரசைத் தாவன்."

அந்தத் தம்பி 2009இல் எங்களோடு முகாமுக்கு வந்து சேராதவன். கதியால் நின்ற இடந்தான் எல்லை என்பதும், கம்பியை அப்பால் அடித்தவள் நானே என்பதும் அந்தக் கணத்தில் எனக்கு விளங்கின. எழுந்து சொல்லத்தான் நேரமெடுத்தது.

மறுநாளே கம்பியைக் கழற்றுவித்தேன். புரட்டாதிக் கடைசியில், மழைக்கு முன்னர், பூவரசைத் தறித்து, நேரான தடிகள் பதினொன்றை இரு வீட்டாரும் சேர்ந்து நட்டோம், ஒன்பது வேர்பிடித்தன. சின்னம்மா இன்னும் எங்கள் படியேறவில்லை. ஆனால், எங்கள் ஆட்டுக்கென்று அந்தப் பூவரசின் குழையை ஒடித்து, வேலிக்கு மேலாற் பேர்த்தியின் கையிற் கொடுக்கிறார்.