அடையாறில் ஒரு கர்னல் பள்ளிக்கூடம்

பெசன்ட் நகர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எலியட்ஸ் பீச், அஷ்டலட்சுமி கோயில், வேளாங்கண்ணி சர்ச், சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, பஜ்ஜியைவிடச் சூடாகக் காதலர்கள் போடும் சண்டை. சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் பைக்கைக் கிளப்பும் இளைஞர் கூட்டத்துக்கு இது போதும்.

அந்த பைக்குகளோடு நாமும் ஒரு தரம் போவோம். ஆனால் கொஞ்சம் மெதுவாக.

திரு.வி.க. பாலத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் பெசன்ட் அவென்யூ. சட்டென்று வெயில் குறைந்தாற்போல் இருக்கும். காரணம், தியாசபிகல் சொஸைட்டியின் தோப்பு. சுமார் 260 ஏக்கர்! உள்ளே இருக்கும் ஆலமரத்துக்கு 450 வயசு என்கிறார்கள். நடு மரம் 1989-ல் புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள்தான் இன்னும் குடும்பத்தை நடத்திக்கொண்டிருக்கின்றன. அதே சாலையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அவ்வை இல்லம். இன்னும் கொஞ்சம் போனால் மரங்களுக்கு நடுவே ஆல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளி.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரைப் பிடித்தேன்.

"ஆல்காட் யாரு, தெரியுமா தம்பி?"

"யாரோ வெள்ளைக்காரத் துரை சார். இந்த ஏரியா கலெக்டரா இருந்திருப்பாரு."

பாதி மார்க் கொடுக்கலாம். ஆசாமி வெள்ளைக்காரர்தான், கலெக்டர் இல்லை. இங்கிலீஷ்காரர்கூட இல்லை.

ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1832-ல் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் பிறந்தவர். விவசாய ஆராய்ச்சி, பத்திரிகை, வக்கீல் தொழில் என்று ஒரே ஆள் மூன்று ரெஸ்யூமே வைத்திருந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ராணுவத்தில் ஊழல்களைத் துருவிக் கண்டுபிடித்தார். 'கர்னல்' பட்டம் அப்போது ஒட்டிக்கொண்டது. 1865-ல் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டபோது அந்த விசாரணையிலும் இருந்தவர். 1875-ல் பிளாவட்ஸ்கி அம்மையாருடன் நியூயார்க்கில் தியாசபிகல் சொஸைட்டியை ஆரம்பித்தார். 1882-ல் அதன் தலைமையிடம் அடையாறு ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது.

வந்தவர் தோப்புக்குள் உட்கார்ந்து தியானம் மட்டும் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. மனுஷர் வேலியைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்துவிட்டார்.

வெளியே ஊரூர் என்ற கிராமம். கடலோரம் மீனவர் குப்பம். சேரிகள். 'பஞ்சமர்' என்று சர்க்காரே பெயர் வைத்து ஒதுக்கி எழுதிய காலம் அது. அந்தக் குழந்தைகளுக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தின் திண்ணைகூடக் கிடையாது. 1894-ல் ஆல்காட் அவர்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். பெயரிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்: ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளி. பெரிய படிப்பெல்லாம் இல்லை. எழுத, படிக்க, கணக்குப் போட. கூலியை எண்ணி வாங்கத் தெரிந்தால் ஏமாற்றுகிறவனுக்குப் பிழைப்பு போச்சு அல்லவா?

ஒன்றோடு நிற்கவில்லை. கோடம்பாக்கத்தில் ஒன்று, தேனாம்பேட்டையில் ஒன்று என்று இலவசப் பள்ளிகள் கிளம்பின. மயிலாப்பூர்ப் பள்ளிக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? திருவள்ளுவர் பள்ளி! நாம் பஸ்ஸுக்குள் குறளை எழுதிப் போடுவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால், அமெரிக்கர் ஒருவர் சேரிப் பிள்ளைகளின் பள்ளிக்கு வள்ளுவர் பெயரை வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் வெள்ளைக்காரர் வந்து 'தானம்' கொடுத்த கதையாக முடித்துவிடக்கூடாது. எங்களுக்குக் கல்வி வேண்டும் என்று கேட்டு நின்றவர்கள் இங்கேயே இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் அயோத்திதாசப் பண்டிதர். சித்த வைத்தியர், தமிழறிஞர். 1898-ல் ஆல்காட்டுடன் இலங்கை போய் பௌத்தம் தழுவித் திரும்பியவர். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று வாரப் பத்திரிகை தொடங்கினார். அந்த வருஷம் பிப்ரவரி 17-ம் தேதி ஆல்காட் காலமானார். இலங்கையில் பௌத்தப் பள்ளிகள் தோன்ற அவர்தான் தூண்டுகோல் என்பதால் அங்கே இன்றும் அவரைக் கொண்டாடுகிறார்கள். இங்கே? கலெக்டராக்கிவிட்டோம்.

அன்றைக்குத் தொடக்கப் பள்ளி. இன்றைக்கு பிளஸ் டூ வரை. தமிழ் மீடியம். மாறாதது ஒன்றே ஒன்று: ஃபீஸ் கிடையாது. யூனிஃபார்ம் இலவசம். சாப்பாடும் உண்டு.

சாப்பாட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பசித்த வயிற்றுக்கு 'அ'வும் தெரியாது, 'ஆ'வும் தெரியாது. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட முடிவு செய்தது. தலைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. அப்போது மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியார். ஆமாம், நீங்கள் தீபாவளிக்குத் தள்ளுமுள்ளில் சட்டை எடுக்கும் தி.நகரின் 'தி' அவர்தான். பிறகு 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர்., 2022-ல் காலை உணவு என்று அந்த அடுப்பு அணையாமல் எரிகிறது.

இப்போது பள்ளிக்கு வெளியே வந்து சுற்றிலும் பாருங்கள். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றும் பள்ளிக்கூடங்களுக்குப் பெயர் போன பேட்டைகள். எல்.கே.ஜி. அப்ளிகேஷனுக்கு ராத்திரியே போய்ப் பாய் விரித்துப் படுத்த தகப்பன்மார்கள் நம் ஊரில் உண்டு. பிள்ளைக்கு இன்டர்வியூ, அப்பாவுக்கு இன்டர்வியூ. அப்பா ஃபெயில், பிள்ளை பாஸ் என்றெல்லாம் ரிஸல்ட்! அப்புறம் ஃபீஸ் ரசீதைப் பார்த்தால் குடும்பமே ஃபெயில்.

அதே குடும்பத்தில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. அந்தத் தெரு முனை ஆட்டோக்காரருக்கும், குப்பத்தில் வலை உலர்த்தும் மீனவருக்கும் இருக்கிறது. அந்தப் பிள்ளை எங்கே படிக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. தனியார் பள்ளிகளின் ஆரம்ப வகுப்பில் 25 சதவீத இடம் ஏழைக் குழந்தைகளுக்கு என்று அது சொல்கிறது. மீதிப் பேருக்கு? சர்க்கார் பள்ளியும் மாநகராட்சிப் பள்ளியும் இதுமாதிரிப் பள்ளிகளும்தான். 'அங்கேயா?' என்று நாம் மூக்கைச் சுளித்து ஒதுங்க ஒதுங்க, அங்கே படிக்கிற பிள்ளையைக் கவனிக்க ஆள் குறைகிறது. 1894-ல் பிரித்துவைக்க ஜாதி இருந்தது. இப்போது கூடவே ஃபீஸ் ரசீதும் சேர்ந்துகொண்டது.

கடற்கரைக் குப்பத்தின் பெயரே இன்று ஊரூர் ஆல்காட் குப்பம். யாரும் கவுன்சிலில் தீர்மானம் போட்டு மாலை மரியாதையுடன் வைத்த பெயராகத் தெரியவில்லை. ஜனங்கள் வாயில் ஒட்டிக்கொண்ட பெயர். சிலையைவிட இது கெட்டி. காக்கை எச்சமும் போடாது.

அடுத்த முறை பஜ்ஜி சாப்பிடப் போகும்போது அந்த கேட் பக்கம் பைக்கைக் கொஞ்சம் ஸ்லோ பண்ணுங்கள். உள்ளே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பது உங்கள் தெரு இஸ்திரிக்காரர் மகளாக இருக்கலாம். நாளைக்கு உங்கள் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்கு அவள் வருவாள். ஹாரன் மட்டும் அடிக்காதீர்கள், ப்ளீஸ்.