ஒரு தட்டுக்கு இரு இயக்கிகள்

இருபது ஆண்டுகளுக்கு முன்னர் லினக்ஸ் இயங்குதளத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு எச்.டி.ஏ., எஸ்.டி.ஏ. என்னும் இரு பெயர்கள் நினைவில் இருக்கும். அகன்ற நாடா வடத்தால் இணைக்கப்பட்ட பழைய ஐ.டி.ஈ. வன்தட்டு எச்.டி.ஏ. எனப்பட்டது. ஸ்கசி வகைத் தட்டுக்கும் பின்னர் வந்த சாட்டா தட்டுக்கும் எஸ்.டி.ஏ. என்று பெயர். இப்பெயர்கள் தட்டிலே பொறிக்கப்பட்டவை அல்ல. தட்டைக் கண்டறிந்து கையாளும் இயக்கி என்ற மென்பொருள் சூட்டியவை. கையாள்பவர் மாறினால் பெயரும் மாறும். வில்லங்கம் அங்கேதான் தொடங்கிற்று.

பழைய ஐ.டி.ஈ. இயக்கி 1990களில் பலரது கைபட்டு வளர்ந்தது. சாட்டா தட்டுகள் வந்தபோது அதனைத் திருத்திக்கொண்டிராமல், 2003 அளவில் ஜெஃப் கார்சிக் என்பவர் லிப்ஏடிஏ என்ற புதிய இயக்கித் தொகுதியை எழுதத் தொடங்கினார். பின்னர் அலன் கொக்ஸ் அதனைப் பழைய ஐ.டி.ஈ. தட்டுகளுக்கும் விரிவாக்கினார். 2006 நவம்பரில் வெளியான 2.6.19 கருனியில் அவரது வேலை சேர்க்கப்பட்டது. அன்றிலிருந்து ஒரே வன்பொருளுக்கு இரு உரிமையாளர்கள்.

இரண்டும் ஒரே வேளையில் ஒரு தட்டை ஆள முடியாது. முந்திக்கொண்டது எதுவோ அதற்கே துறைகள் சொந்தம். சில இன்டெல் சில்லுத் தொகுதிகள் பழைய, புதிய இணைப்புகளை ஒன்றாகக் கலந்து காட்டும் கூட்டுமுறையில் இயங்கின. அங்கே ஒரு பாதியைப் பழைய இயக்கியும் மறு பாதியைப் புதியதும் பற்றிக்கொள்ளும். சாதனம் ஓடாமல் நிற்பதில்லை, டி.எம்.ஏ. வசதியை இழந்து, ஒவ்வொரு தரவுத் துண்டையும் மையச் செயலியே சுமக்க, இறுவட்டு ஆமை வேகத்தில் ஊரும். முற்றாக நின்றுவிட்டால் காரணம் தேடலாம். ஊர்ந்துகொண்டிருப்பதை யார் சந்தேகிப்பர்?

வேறொரு சிக்கலும் இருந்தது. பழைய இயக்கி ஒரு தட்டில் 63 பிரிவுகள் வரை ஏற்றது, எஸ்.டி. வகைப் பெயருக்கு மாறியதும் அவ்வெல்லை 15 ஆயிற்று. 2008 டிசம்பரில் வந்த 2.6.28 கருனியிலேதான் அது தளர்ந்தது.

என் வீட்டுக் கணினியில் 2007இல் இரு தட்டுகள் இருந்தன. பாமினி எழுத்துருவில் நான் தட்டெழுதிய பத்தாண்டுக் கட்டுரைகளும் செவ்விகளும் பழைய எச்.டி.ஏ. தட்டின் முதற் பிரிவில். இயங்குதளமும் அக்கட்டுரைகளின் பிரதியும் புதிய எஸ்.டி.ஏ. தட்டில். ஞாயிறு இரவுகளில் ஒரு கட்டளைக் கோப்பு தானாக ஓடி, மூலத்தில் இல்லாதவற்றைப் பிரதியிலிருந்து நீக்கி, இரண்டையும் ஒத்திருக்கச் செய்யும். கருனி புதுப்பிக்கப்பட்ட மறுநாள், வேர்க் கோப்பு முறைமையைக் காணவில்லை என்று கணினி நின்றுவிட்டது. புதிய இயக்கி இரண்டையும் தன்வசப்படுத்தி, பழைய தட்டுக்கு எஸ்.டி.ஏ. என்றும் புதியதற்கு எஸ்.டி.பி. என்றும் பெயரிட்டிருந்தது.

என் மருமகன் மீட்பு இறுவட்டோடு வந்தான். தொடக்க வரியில் ஓரெழுத்தை மாற்றினால் கணினி எழுந்துவிடும். அதற்கு முன் அவன் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கோப்பைத் திறந்து பார்த்தான். சிறிது நேரம் பேச்சில்லை.

"மாமா, இது நிண்டது நல்லதாப் போச்சு. எழும்பியிருந்தா ஞாயிறு ராத்திரி எல்லாம் துடைச்சுப்போட்டிருக்கும்."

அவன் விளக்கியபோது எனக்கு வியர்த்தது. மூலமான எச்.டி.ஏ. என்ற பெயரில் இப்போது எதுவுமில்லை; ஆகவே மூலம் வெறுமை. பிரதி இருக்க வேண்டிய எஸ்.டி.ஏ. என்ற பெயரிலோ அசல் தட்டு. வெறுமைக்கு ஒப்பாக அசலை ஆக்குவதே அக்கோப்பின் கடமையாக இருந்திருக்கும். கோப்பிலே பிழையில்லை, அது எழுதப்பட்ட நாளில் ஒவ்வொரு சொல்லும் சரி.

அன்றே பெயர்களை அகற்றி, கோப்பு முறைமையை உருவாக்கும்போதே அதனுள் எழுதப்படும் யூயூஐடி என்ற 32 இலக்க அடையாளத்தை எல்லா இடங்களிலும் இட்டான். எந்த இயக்கி ஆண்டாலும் அது மாறாது. அவ்வாண்டு மே மாத இறுதியில் வெளியான பெடோரா 7, இப்பெயர் மாற்றத்தைத் தன் வெளியீட்டுக் குறிப்பிலேயே சொல்லியிருந்தது. இத்தகைய குறிப்புகளை வாசிப்போர் எத்தனை பேர் என்பது பத்திரிகைக்காரனான எனக்குத் தெரியாததன்று. நாம் எழுதும் 'திருத்தம்' பகுதிக்கும் அதே கதிதான்.

புதிய இயக்கி வந்த கையோடு பழையதைத் தூக்கி எறியாதது நல்லதென்றே நினைக்கிறேன். விநோதமான பழைய வன்பொருளை வைத்திருந்தோருக்கு அது தேவைப்பட்டது. ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் இருந்த காலம் சற்று நீண்டுவிட்டது. 2021 ஓகஸ்டில் வெளியான 5.14 கருனியிலேதான் பழைய ஐ.டி.ஈ. இயக்கி முற்றாக நீக்கப்பட்டது.

என் பழைய தட்டு அதற்கு வெகு முன்னரே ஓய்ந்துவிட்டது. கட்டுரைகள் வேறொரு தட்டில் பத்திரமாக உள்ளன. பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் வேலை இன்னும் பாதியில் நிற்கிறது.