மஞ்சள் துண்டும் வெள்ளைத் துண்டும்

திம்பு,
வியாழன் இரவு

அன்புள்ள மாப்ளே,

வழியனுப்ப வந்தவன், ரயில் நகர ஆரம்பித்த பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாய். "ராஜா இருக்காருங்கிற, எலெக்‌ஷனும் நடக்குதுங்கிற. ரெண்டுல எதுடா டூப்பு?" நான் வாயைத் திறப்பதற்குள் பிளாட்பாரம் முடிந்துவிட்டது. பூட்டானுக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. இப்போதுதான் ஏதோ பிடிபட்ட மாதிரி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் தட்டினால் நீ பாதிதான் படிப்பாய், அதனால்தான் கடிதம்.

வந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். நம் பக்கம் ஜெய்காவ், அவர்கள் பக்கம் புந்த்ஷோலிங், நடுவில் ஒரு அலங்கார வாசல். இந்தப் பக்கம் ஹாரன் சத்தத்தில் காது போகிறது. அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்ததும் யாரோ ரேடியோவை அணைத்த மாதிரி இருக்கிறது. இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட் கட்டாயமில்லை, வாக்காளர் அட்டை போதும். ராஜா நாட்டுக்குள் நுழைய ஓட்டுச் சீட்டுக்கான அட்டையைக் காட்டினேன், பார்த்துக்கொள். ராத்திரிக்கு 1200 ரூபாய் வீதம் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும், அறை வாடகை தனி. எட்டு ராத்திரிக்கு எவ்வளவு என்று கணக்குப் போடாதே. போட்டாலும் தங்கச்சியிடம் சொல்லாதே, அவள் என் வீட்டுக்குப் போன் போட்டுவிடுவாள்.

நேற்று சாயங்காலம் தாஷிச்சோ ஜோங் போனேன். ஜோங் என்றால் கோட்டை, மடம், கச்சேரி மூன்றும் ஒரே மதிலுக்குள். ராஜாவின் அலுவலகமும் அங்கேதான், பிக்குகளின் தலைமைச் சபை கோடையில் தங்குவதும் அங்கேதான். வேலை நாளில் ஐந்து மணிக்கு மேல்தான் வெளியாட்களை விடுகிறார்கள். என் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, டாஷ்போர்டு பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஒரு வெள்ளைத் துணியை எடுத்து உதறினார். மூன்று மீட்டர் இருக்கும், இரண்டு முனையிலும் குஞ்சம். இடது தோளில் போட்டு, வலது இடுப்புப் பக்கம் கொண்டுவந்து, திரும்பவும் தோளுக்கே ஏற்றினார். இதற்குக் காப்னே என்று பெயர். இது இல்லாமல் பூட்டான் ஆண்பிள்ளை ஜோங்குக்குள் கால் வைக்க முடியாது. வாசல் போலீஸ்காரர் அவர் தோள் மடிப்பைப் பார்த்து முகம் சுளித்தார். மனுஷன் பேசாமல் வெளியே போய், அவிழ்த்து, முதலிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார். என்னைத் தொப்பியைக் கழற்றச் சொன்னதோடு விட்டுவிட்டார்கள்.

நம்மூரில் வேட்டிக் கரையைப் பார்த்துக் கட்சி சொல்வோம். இங்கே துண்டின் நிறத்தைப் பார்த்துப் பதவி சொல்லிவிடலாம். பொதுஜனம் வெள்ளை. எம்.பி. நீலம். நீதிபதி பச்சை. ராஜா கையால் தாஷோ பட்டம் வாங்கியவர் சிவப்பு. மந்திரி ஆரஞ்சு. மஞ்சள் இரண்டே பேருக்கு: ஒருவர் ராஜா, இன்னொருவர் தலைமை மடாதிபதியான ஜே கென்போ. மஞ்சள் துண்டு என்றதும் உனக்கு யார் ஞாபகம் வரும் என்று தெரியும், அது வேறு கதை.

இந்த மஞ்சளை வைத்தே தொடங்குகிறேன். 2007-ல் இங்கே ஒரு ஒத்திகைத் தேர்தல் நடந்தது. ஓட்டுப் போட்டே பழக்கமில்லாத ஜனங்களுக்கு எப்படிப் போடுவது என்று கற்றுக்கொடுக்க, தேர்தல் கமிஷனே நாலு கட்சிகளைக் கற்பனையாக உருவாக்கியது. மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை. சிவப்புக்குத் தொழில் வளர்ச்சி, நீலத்துக்கு லஞ்ச ஒழிப்பு, பச்சைக்குச் சுற்றுச்சூழல், மஞ்சளுக்குப் பழைய பண்பாடு. வேட்பாளர்களாக நின்றது பள்ளிக்கூடப் பிள்ளைகள். இறுதிச் சுற்றில் 47 தொகுதிகளில் 46-ஐ மஞ்சள் அள்ளிவிட்டது. என் டிரைவரின் அம்மாவும் மலையிறங்கிப் போய் மஞ்சளுக்குத்தான் போட்டாராம். கொள்கை என்ன என்று தெரியுமா என்று கேட்டேன். "கொள்கையா? ராஜா துண்டு நிறம் சார், வேற எதுக்குப் போடுவாங்க?" என்று சிரித்தார்.

இதுதான் இந்த ஊரின் விசித்திரம். வேறு நாடுகளில் ஜனங்கள் தெருவுக்கு வந்து ராஜாவிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கினார்கள். இங்கே ராஜாக்கள் அதைக் கீழே இறக்கி வைக்கப் பார்க்க, ஜனங்கள் எடுத்துத் தோளிலேயே திரும்ப வைத்தார்கள். வாங்சுக் வம்சம் ஆள ஆரம்பித்தது 1907-ல். மூன்றாவது ராஜா 1953-ல் ஒரு சபையை ஏற்படுத்தினார். போதாக்குறைக்கு, தன் மீதே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர அந்தச் சபைக்கு வழி செய்துகொடுத்தார். 1972-ல் அவர் கண்ணை மூடியதும் சபை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டுவிட்டது. நாலாவது ராஜா ஜிக்மே சிங்யே வாங்சுக் 1998-ல் நிர்வாகத்தை மந்திரிகளிடம் ஒப்படைத்தார். 2001-ல் அரசியல் சட்டம் எழுத 39 பேர் கொண்ட குழுவைப் போட்டார். நம் ஊர் வழக்கறிஞர் கே.கே. வேணுகோபால் அதற்கு ஆலோசகர். நகல் தயாரானதும் ராஜாவும் பட்டத்து இளவரசரும் மாவட்டம் மாவட்டமாகப் போய் ஜனங்களை உட்காரவைத்து விளக்கியிருக்கிறார்கள். அந்தக் கூட்டங்களில் கெஞ்சல்தான் அதிகமாம். "எங்களுக்கு இது வேண்டாம், நீங்களே ஆளுங்கள்." அவர் கேட்கவில்லை. 2006 டிசம்பரில், 51 வயதில், மகனுக்குப் பட்டத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

நீ சட்டம் படித்தவன், அதனால் இரண்டு பிரிவுகளை மட்டும் சொல்கிறேன். ராஜாவுக்கு ஓய்வு பெறும் வயது உண்டு, 65. இப்போதைய ராஜா ஜிக்மே கேசர் பிறந்தது 1980-ல், ஆக 2045-ல் இறங்கியாக வேண்டும். இன்னொன்று, ராஜாவை நீக்கவும் முடியும். பார்லிமெண்ட் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் தீர்மானம் கொண்டுவந்து, கூட்டுக் கூட்டத்தில் நாலில் மூன்று பங்கு நிறைவேற்றி, பிறகு நாடு முழுக்க ஜன வாக்கெடுப்பு. நடக்குமா என்றால், கடைக்குக் கடை ராஜா படம் மாட்டியிருக்கும் ஊரில் நடக்காது. ஆனால் எழுதி வைத்திருக்கிறார்கள், அதுவும் ராஜா சொல்லி.

தேர்தல் முறையும் வேடிக்கையானது. முதல் சுற்றில் எத்தனை கட்சி வேண்டுமானாலும் நிற்கலாம். அதிக ஓட்டு வாங்கிய இரண்டு மட்டும் அடுத்த சுற்றுக்குப் போகும். ஜெயித்தது ஆளும் கட்சி, தோற்றது எதிர்க்கட்சி. மூன்றாவது அணி, கூட்டணிப் பேச்சு, தொகுதிப் பங்கீடு ஒன்றும் கிடையாது, நம் டீக்கடைகளை நினைத்துப் பரிதாபப்பட்டேன். மேல்சபையில் 25 பேர், 20 மாவட்டங்களுக்குத் தலா ஒருவர், மீதி ஐந்து பேர் ராஜா நியமனம். அங்கே கட்சியே கூடாது. பிக்குகளுக்கு ஓட்டு இல்லை, மதம் அரசியலுக்கு மேலே நிற்க வேண்டுமாம். பார்லிமெண்ட்டுக்கு நிற்பவர் பட்டதாரியாக இருக்க வேண்டும். என் டிரைவர் பத்தாவதோடு நின்றவர், ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. காமராஜர் இங்கே பிறந்திருந்தால் கிராம மட்டத்தோடு சரி. இந்த விதி எனக்குப் பிடிக்கவில்லை, அவரிடமும் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டார்.

2008 மார்ச்சில் நிஜத் தேர்தல். கொக்குச் சின்னக் கட்சியும் குதிரைச் சின்னக் கட்சியும் மோதின. இரண்டு பேருமே ராஜா பக்தியில் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் இல்லை. குதிரைக் கட்சித் தலைவர் சங்கே நிதுப், ராஜாவுக்குச் சொந்தத் தாய்மாமன். தாய்மாமன் என்றால் நம் ஊரில் சொல்லவே வேண்டாம். அவர் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். அவர் கட்சி மொத்த ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு வாங்கியும் கிடைத்தது இரண்டே இடம். கொக்குக்கு 45.

45-க்கு எதிரே இரண்டு பேர். இனி பார்லிமெண்ட் வெறும் பஜனை மடம்தான் என்று நீயும் நானும் நினைத்திருப்போம். ஆனால் இந்த நாட்டின் அரசியல் சட்டத்தில் எதிர்க்கட்சிக்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. அந்த இரண்டு பேர் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 2010-ல் அரசாங்கம் வண்டிகள் மீதான வரியை, சபையைக் கேட்காமல், ஒரு உத்தரவில் உயர்த்தியது. சட்டம் இல்லாமல் வரி கிடையாது என்று எழுதியிருக்கிறதே என்று எதிர்க்கட்சி கோர்ட்டுக்குப் போனது. பூட்டான் சரித்திரத்தில் முதல் அரசியல் சட்ட வழக்கு. உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கட்சி ஜெயித்தது. அரசாங்கம் மேல்முறையீடு போக, 2011 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அரசாங்கம் தலைவணங்கியது.

எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது, மாப்ளே. ராஜா கொடுத்த சட்டம், ராஜா கொடுத்த ஓட்டு, ராஜா கொடுத்த கோர்ட் என்று எல்லாமே வரப்பிரசாதமாக இருந்தவரை அது கோயில் பிரசாதம் மாதிரிதான், கொடுத்தால் உண்டு. ரெண்டே பேர் ஒரு கார் வரிக்காக அதை எடுத்துக்கொண்டு போய் ஜட்ஜ் முன்னால் வைத்த அன்றுதான் அது ஜனங்களின் சொத்தாகியிருக்கிறது. இதை எந்தக் கைடும் சொல்வதில்லை. பாரோவின் புலிக்கூடு மடத்தையும், மொத்த தேசிய மகிழ்ச்சி என்ற அவர்களின் அளவுகோலையும்தான் சொல்கிறார்கள்.

அப்புறம் ஜனங்களுக்கும் ருசி பிடித்துவிட்டது. 2013-ல் இரண்டாம் சுற்றுக்குச் சில நாள் முன்னால் இந்தியா சமையல் கேஸ், மண்ணெண்ணெய் மானியத்தை நிறுத்தியது. அடுப்பில் கை வைத்தால் என்ன ஆகும்? முதல் சுற்றில் முந்திய கொக்கு, முடிவில் 15-க்கு இறங்கியது. குதிரைக்கு 32. வழக்குப் போட்ட இருவரில் ஒருவரான ஷேரிங் டோப்கே பிரதமரானார். 2018-ல் அவர் கட்சி முதல் சுற்றிலேயே வெளியே. சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டே நாட்டையும் ஆண்ட டாக்டர் லோடே ஷேரிங் வந்தார். 2023-ல் அவர் கட்சியும் முதல் சுற்றில் அவுட். 2024 ஜனவரியில் டோப்கே திரும்பி வந்தார். மஞ்சளுக்கு 46 கொடுத்த அதே ஜனம், ஆண்ட எந்தக் கட்சியையும் தொடர்ந்து இரண்டாவது தடவை உட்கார விட்டதில்லை.

அப்படியானால் ராஜாதான் டூப்பா என்று கேட்பாய். இல்லை. நிலமில்லாதவனுக்கு நிலம் தரும் அதிகாரம் இன்னும் அவர் கையில். கிது என்கிறார்கள். ராஜா வரும் சாலையில் மனுவோடு நின்றால் வண்டியை நிறுத்தி வாங்கிக்கொள்வாராம். தெற்கே கெலெபுவில் ஒரு புது நகரம் எழுப்பப் போவதாக 2023 டிசம்பரில் அறிவித்ததும் பிரதமர் இல்லை, ராஜா. இங்கே ஆண்டுகொண்டிருப்பவர் மாறலாம், அவரை எதிர்த்துப் பேசலாம். ராஜாவை எதிர்த்து ஒரு வார்த்தை எட்டு நாளில் என் காதில் விழவில்லை. அது அன்பினாலா, பழக்கத்தாலா, இரண்டும் கலந்ததா என்று வெளியூர்க்காரன் சொல்லக் கூடாது.

தெற்கு என்றதும் தொண்டையில் ஒன்று நிற்கிறது. அங்கே தலைமுறைகளாக இருந்த நேபாளி பேசும் லோத்ஷாம்பா ஜனங்களிடம், 1958-க்கு முன் குடியிருந்ததற்குக் காகிதம் கேட்டார்கள். வடக்கத்தி உடையைக் கட்டாயமாக்கினார்கள். 1990-ல் போராட்டம், அதன் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நேபாள முகாம்களில். ஒத்திகைத் தேர்தல் நடந்த அதே 2007-ல் அவர்களை அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் குடியேற்றும் திட்டம் தொடங்கியது. அதிகாரத்தை அள்ளிக்கொடுத்த அதே நாலாவது ராஜாவின் காலத்தில்தான் அந்த வெளியேற்றமும் நடந்தது. மஞ்சள், சிவப்பு என்று பிள்ளைகள் ஓட்டுக் கேட்டுப் பழகிய வேளையில் முகாம்களில் இருந்தவர்களுக்கு எந்த நிறத்துக்கும் ஓட்டு இல்லை. டிரைவரிடம் இதைக் கேட்டேன். ரொம்ப நேரம் ரோட்டையே பார்த்தார். பிறகு, "மலையில மழை வருது சார், சீக்கிரம் போகணும்" என்றார். வானம் வெளுத்துத்தான் இருந்தது.

நேற்று ஜோங்கிலிருந்து திரும்பி வரும் வழியில், கார் வரி வழக்கை இழுத்தேன். ஜெயித்தது உங்கள் வண்டிக்கு லாபம்தானே என்றேன். அவர் ஸ்டியரிங்கை அடித்துச் சிரித்தார். வழக்குப் போட்ட அதே டோப்கே பிரதமரான பிறகு, 2014-ல் வண்டி வரியை இன்னும் மேலே தூக்கிவிட்டாராம். இவர் இந்த மாருதியை வாங்கியதே அதற்கப்புறம்தான்.

"அப்ப கோர்ட்டுக்குப் போனது வீணா?"

"இல்ல சார். இந்தத் தடவை பார்லிமெண்ட்ல சட்டம் போட்டுத்தான் ஏத்தினாங்க. டிவியில காட்டினாங்க. எங்க எம்.பி. கையைத் தூக்கினதை நான் பார்த்தேன். அடுத்த எலெக்‌ஷன்ல வந்தாரு, கேட்டேன்."

திம்புவில் சிக்னல் விளக்கே கிடையாது. நடு ரோட்டில் ஒரு கூண்டில் நின்று போலீஸ்காரர் வெள்ளைக் கையுறையோடு பரதம் பிடிக்கிறார். அவர் கையைக் காட்டியதும் நின்றோம். அந்த இடைவெளியில் டிரைவர் காப்னேயை மடியில் வைத்து, குஞ்சம் கசங்காமல் நாலாக மடித்து, டாஷ்போர்டு பெட்டியில் திணித்து மூடினார்.

நாளை பாரோ. கூரையெல்லாம் சிவப்பு மிளகாய் காயப் போட்டிருக்கிறார்களாம். தங்கச்சிக்கு ஒரு கிலோ வாங்கி வருகிறேன், சாம்பார் பொடிக்கு ஆகுமா என்று கேட்டு வை.

உன்,
மச்சான்